மின்காரில் குலுக்கல், பெயின்ட்டில் பொட்டு: நான் சரிசெய்த விதம்

மின்கார் வாங்கி மூன்றாவது மாதம். ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டில் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே பின்சீட்டிலிருந்து அம்மா, "இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்டா" என்பார். சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "எலெக்ட்ரிக் வண்டின்னா அப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அது பாதிதான் உண்மை. அடியில் சில நூறு கிலோ பேட்டரி கிடக்கிறது, அதைத் தாங்க ஸ்பிரிங் கெட்டியாகத்தான் இருக்கும். மீதிப் பாதி டயர் காற்றில் இருந்தது.

முதலில் டிரைவர் கதவைத் திறந்து, பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆள் குறைவாக இருக்கும்போது காற்று எவ்வளவு, முழு பாரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். என் காருக்கு 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு); பார் என்ற இன்னொரு அலகில் 2.5. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு. என் டயரில் 44 இருந்தது. யாரோ அந்த எண்ணைப் பார்த்து அடித்துவிட்டார்கள் போல.

நான் சறுக்கியது அடுத்த படியில். மதியம் இரண்டு மணிக்கு ஏழு கிலோமீட்டர் ஓட்டிப் போய், பங்க்கில் 36-க்கு இறக்கச் சொன்னேன். வண்டி பஞ்சு மாதிரி போனது, எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலை அளந்தால் 32! சூடு சுமார் 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. ஏறும். ஸ்டிக்கரில் உள்ளது குளிர்ந்த டயருக்கான அளவு. சூடான டயரில் இறக்கினால் உண்மையில் குறைத்துவிட்டோம் என்று அர்த்தம். இவ்வளவு கனமான வண்டியில் அது ஆபத்து: டயர் ஓரம் சூடேறும், பள்ளத்தில் ரிம் அடிவாங்கும், ரேஞ்சும் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையும்.

ஆகவே காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், வீட்டு வாசலிலேயே அளந்து பாருங்கள். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்னக் காற்றடிப்பான் ஒன்று போதும். பங்க் மீட்டரை நான் நம்புவதில்லை. அது எத்தனை முறை கீழே விழுந்ததோ! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அம்மா இப்போது மாட்டு வண்டிப் பேச்சை எடுப்பதில்லை.

சரி, பெயின்ட். முன்சக்கரம் வாரியடிக்கும் ஜல்லியில் கதவின் கீழ்ப்பகுதி பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்துவிடுகிறது. மின்மோட்டார் சட்டென்று இழுக்கும்போது இன்னும் மோசம். முதல் வேலையாக மட் ஃபிளாப் மாட்டுங்கள். பம்பரில் பொட்டு விழுந்தால் அவசரமில்லை, அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. கதவிலோ பானெட்டிலோ தகடு தெரிந்தால் அந்த வாரமே அடைத்துவிடுங்கள்.

காரின் நிறக் குறியீட்டைப் பார்த்து டச்-அப் பெயின்ட் வாங்கி, இடத்தைக் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். தகடு தெரிந்தால் முதலில் பிரைமர் (அடிப்பூச்சு). பாட்டிலோடு வரும் பிரஷ்ஷைத் தூக்கி எறியுங்கள். பல் குத்தும் குச்சி முனையில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தில் மட்டும் வையுங்கள். நான் முதல்முறை ஒரே மூச்சில் நிரப்பினேன்; காய்ந்ததும் மரு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. கடைசியில் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு. அதையும் நிழலில்தான் செய்யவேண்டும்.

போர்வெல் தண்ணீரில் கழுவினால் உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். வெயிலில் காயவிட்டால் உப்புத் திட்டு படியும். காக்கை எச்சத்தைக் காய்ந்த துணியால் சுரண்டாதீர்கள், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுங்கள்.

பிறகு சேர்த்தது: நைட்ரஜன் அடித்தாலும் காலையில்தான் அளக்க வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆமாம். நைட்ரஜனும் சூட்டில் விரியும். நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.