92 கோலா, 65 கோலா: ஐஸ் ஹொக்கி வீரர்களைக் காலம் தாண்டி ஒப்பிடுவது எப்படி?

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹொக்கி லீக்கில் வெய்ன் கிரெட்ஸ்கி 1981-82 பருவத்தில் 92 கோல் அடித்தார். அலெக்ஸ் ஒவெச்கின் 2007-08இல் 65. வெள்ளவத்தையில் அண்ணா கிரெட்ஸ்கி பக்கம், ரொறன்ரோவில் பெறாமகன் ஒவெச்கின் பக்கம். இந்த வழக்கைத் தீர்க்க ஒரு கொப்பியும் போன் கல்குலேட்டரும் போதும். முதல் தடவை கையால் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் கணக்கு மனதில் நிற்கும்.

2006இல் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மஹேல ஜயவர்தன எடுத்த 374 ஓட்டங்களைப் பற்றிப் பேசும்போது, ஆடுகளத்தையும் சேர்த்துத்தானே பேசுவோம்? ஹொக்கியில் அதுபோலப் பார்க்க வேண்டியது, அந்தப் பருவத்தில் லீக் முழுவதும் கோல் எவ்வளவு தாராளமாக விழுந்தது என்பதை.

முதலில் லீக் சராசரி. ஹொக்கி ரெபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தைத்தான் நான் நம்புவேன். இரண்டு அணியும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 1981-82இல் ஏறக்குறைய 8 கோல், 2007-08இல் ஏறக்குறைய 5.5. அன்று கோல் காப்பாளர்கள் பெரும்பாலும் நின்றபடி தடுத்தார்கள். கோலை நோக்கி அடித்த 100இல் 87 அளவில்தான் தடுக்கப்பட்டது. பிறகு வந்தவர்கள் முழங்காலில் விழுந்து, அகன்ற கால்காப்பை இரு பக்கமும் விரித்துக் கீழ்ப்பகுதியை அடைத்தார்கள். அது 91 ஆனது.

இங்கே கவனம் தேவை. சில அட்டவணைகளில் 8க்குப் பதில் 4 என்று இருக்கும். அது ஓர் அணிக்கான சராசரி. ஒருவருக்கு இதையும் மற்றவருக்கு அதையும் போட்டால் விடை அப்படியே இரட்டிப்பாகிவிடும். 4 அல்லது அதற்குக் குறைவாகக் கண்டால் இரண்டால் பெருக்கிவிடுங்கள்.

அப்புறம் இருவரையும் ஆட்டத்துக்கு 6 கோல் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவருவோம்.

கிரெட்ஸ்கி: 92 × 6 ÷ 8 = 69
ஒவெச்கின்: 65 × 6 ÷ 5.5 = 70.9

கிரெட்ஸ்கியின் பருவம் 80 ஆட்டம், ஒவெச்கினுடையது 82. அதனால் 69 × 82 ÷ 80 = 70.7. 27 கோல் இடைவெளி காணாமல் போய்விட்டது!

ஆனால் மொரிஸ் ரிச்சர்ட் 1944-45இல் 50 ஆட்டத்தில் அடித்த 50 கோலை 82 ஆட்டத்துக்கு நீட்டாதீர்கள். மிஞ்சிய 32 ஆட்டத்திலும் அதே வேகம் இருந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? போருக்குப் போன வீரர்களின் இடம் வெறுமையாக இருந்த காலம் வேறு. அதை எந்தச் சூத்திரமும் பிடிக்காது.

பிற்சேர்க்கை: 2007-08க்குத் தங்களுக்கு 5.5ஐ விடக் கூடுதலாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். புள்ளிப்பட்டியலிலிருந்து கூட்டியிருப்பீர்கள். 2005-06இலிருந்து, சமநிலையில் நிற்கும் ஆட்டத்தை ஒவ்வொருவராக அடித்துத் தீர்க்கும் ஷூட்-அவுட்டில் வென்ற அணிக்கு அங்கே ஒரு கோல் கூடும், அது எந்த வீரரின் கணக்கிலும் சேராது. ஷூட்-அவுட்டில் முடிந்த ஆட்டத்துக்கு ஒன்று வீதம் கழியுங்கள்.

வாழ்நாள் கோல்களையும் கேட்டிருந்தீர்கள். கிரெட்ஸ்கி 1,487 ஆட்டத்தில் 894. ஒவெச்கின் தன் 1,487ஆவது ஆட்டத்தில், 2025 ஏப்ரல் 6இல், 895ஐத் தொட்டார். மொத்தத்தை ஒரே சராசரியால் வகுக்க வேண்டாம். கூகிள் ஷீட்ஸில் பருவத்துக்கு ஒரு வரி போட்டு, ஒவ்வொன்றையும் தனியே சமன்செய்து, கடைசியில் கூட்டுங்கள்.