இலவச இணையக் கருவிகள் வகுப்பறைக்கு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஹூட் (வினாவிடைப் போட்டி), பாட்லெட் (பலரும் குறிப்புகளை ஒட்டும் இணையச் சுவர்), கூகுள் போம்ஸ் (இணையப் படிவம்) போன்ற கருவிகளைப் பெரும்பாலும் ஒவ்வொரு மாணவரின் கையிலும் ஒரு சாதனமும் தடையற்ற இணைப்பும் இருக்கும் வகுப்பறையை மனத்தில் வைத்தே உருவாக்கியிருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் உட்புறப் பாடசாலைகளில் நமக்குக் கிடைப்பது வேறு: ஆசிரியரின் ஒரு கைத்தொலைபேசி, சில வேளைகளில் ஒரு புரொஜெக்டர், ஆய்வுகூடத்தில் இயங்கும் நிலையிலுள்ள சில கணினிகள். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் கருவியைத் தெரிவுசெய்வதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கணக்குத் திறக்கப் பணம் கேட்காத கருவியும் டேட்டாவைத் தின்னும். 20 எம்பி அளவுள்ள ஒரு காணொளியை 30 மாணவர்கள் தனித்தனியே திறந்தால் ஆசிரியரின் ஹொட்ஸ்பொட்டில் 600 எம்பி போய்விடும். அதற்கு ரீலோட் செய்வது யார் என்று எவரும் கேட்பதில்லை. ஏ9 வீதியோரம் மாங்குளத்தில் தடையின்றி ஓடும் காணொளி, உள்ளே ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலையொன்றில் சுழன்றுகொண்டே நிற்கலாம். ஆகவே, வீட்டிலோ நகரத்திலோ இருந்து சரிபார்த்ததை நம்பி பாடவேளையைத் தொடங்கக் கூடாது. பாடம் நடக்கப்போகும் அதே அறையில், அதே நேரத்தில் ஒருமுறை திறந்து பார்ப்பதே சரியான சோதனை.

இணைப்பு இல்லாமலே வேலை செய்யும் கருவிகள் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு தவறு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்திலுள்ள அறிவியல் பாவனையாக்கங்களை (சிமுலேஷன்) கோப்பாகத் தரவிறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து இணையமின்றித் திறக்கலாம்; அவற்றுள் சில தமிழிலும் உள்ளன. மின்சுற்றில் தடையைக் கூட்டினால் ஓட்டம் குறைவதை ஒரே திரையில் வகுப்பு முழுவதற்கும் காட்ட அது போதும். விடைகளைச் சேகரிக்க வேண்டுமானால், மாணவர் கையில் சாதனம் தேவைப்படாத பிளிக்கர்ஸ் செயலி நமக்குப் பொருந்தும்: மாணவர் தமக்குரிய அட்டையின் எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கிறார் என்பதே அவரது விடை, ஆசிரியரின் ஒரு கைத்தொலைபேசி வகுப்பு முழுவதையும் படித்துக்கொள்ளும். அட்டைகளைப் பளபளப்பாக லமினேட் செய்துவிட்டால் ஒளி தெறித்துக் கமராவால் படிக்க முடியாமற் போகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

விரைவுக்குப் புள்ளி வழங்கும் வினாவிடைப் போட்டிகளைக் கணிப்பீடாகக் கொள்வது நியாயமற்றது. பழைய கணினியில் இருக்கும் பிள்ளைக்கு வினா தோன்றவே தாமதமாகும்போது, அங்கே அளக்கப்படுவது அவரது அறிவல்ல. போட்டியை மகிழ்ச்சிக்காக நடத்துங்கள். புள்ளிப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்.

தமிழ் தட்டச்சு சார்ந்த தவறுகளைப் பொதுவான பயிற்சிக் குறிப்புகள் தொடுவதேயில்லை, ஆனால் நமது வகுப்புகளில் அதிக நேரத்தை வீணாக்குவது இவைதான். பல ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை அப்படியே பிரதி எடுத்து கூகுள் போம்ஸில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையே தெரியும். முதலில் யுனிகோட்டுக்கு (இணையத்தில் தமிழ் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறை) மாற்றி, மாற்றியதை ஒருமுறை வரிக்கு வரி வாசிக்க வேண்டும். தானாகத் திருத்தும் குறுவிடை வினாக்களில் இதைவிட நுட்பமான சிக்கல் உண்டு. 'ஒளித்தொகுப்பு' என்று நீங்கள் விடை பதிந்திருக்க, மாணவர் 'ஒளித் தொகுப்பு' என இடைவெளி விட்டு எழுதினால் கருவி அதைப் பிழையென்றே கொள்ளும். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்தாலும் அவ்வாறே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், சரியாக எழுதியும் ஏன் புள்ளி இல்லை என்று பிள்ளை குழம்பிப்போகும். தமிழில் தானியங்கித் திருத்தத்தைப் பல்தேர்வு வினாக்களோடு நிறுத்திக்கொள்வதே என் தெரிவு.

பிள்ளைகளின் விவரங்களைத் தேவைக்கு மேல் கேட்பதுதான் எல்லாவற்றிலும் பாரதூரமான தவறு. முழுப்பெயர், தொலைபேசி இலக்கம், முகவரி, தந்தையின் பெயர், தொழில் என்று யாரோ முன்பு தயாரித்த படிவத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறோம். 2009க்குப் பிந்திய வன்னியில், தந்தை இல்லாத பிள்ளையும், அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பிள்ளையும் இருக்கும் வகுப்பில், அந்த ஒரு நிரல் எவ்வளவு கனமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கட்டாயம் நிரப்ப வேண்டும் எனச் சிவப்பு நட்சத்திரமும் போட்டுவிட்டால், எதையாவது எழுதாமல் பிள்ளையால் அடுத்த வினாவுக்குப் போகவே முடியாது. ஒரு பாடப் பயிற்சிக்கு வரவு இடாப்பின் தொடரிலக்கம் போதும். இணைய முகவரி (லிங்க்) கிடைத்த எவரும் பார்க்கக்கூடிய பாட்லெட் சுவரில் 'எனது குடும்பம்' போன்ற தலைப்பைக் கொடுப்பதும் தவறே. அதைக் கொப்பியில் எழுதவிடலாம். கணக்குத் திறக்கும் வயதெல்லை பெரும்பாலான தளங்களில் 13 ஆக இருப்பதால், தரம் 6, 7 பிள்ளைகளைப் பொய்யான பிறந்த ஆண்டு போட்டுச் சேரச் சொல்வதும் கூடாது. கணக்கின்றி நுழையவிடும் கருவியைத் தேடுவதே முறை. தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கருவி என்றும் இருக்கும் என்று நம்புவது. கூகுள் தனது இணைய வெண்பலகையான ஜாம்போர்டை 2024 டிசம்பர் 31 உடன் மூடியது. வினாவிடைத் தளமான குவிசிஸ் 2025 இல் வேகிரவுண்ட் எனப் பெயர் மாறியது. இலவசக் கணக்கின் எல்லைகளும் அறிவிப்போடு சுருங்குவதுண்டு. வினாக்களை வேறொரு கோப்பிலும், விடைகளை எக்ஸெல் தாளாகவும் தவணை முடிவில் தரவிறக்கி வைக்க வேண்டும். நம் பகுதியில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு: வெளி மாவட்டங்களிலிருந்து வந்து கற்பிக்கும் ஆசிரியர்கள் சேவைக்காலம் முடிந்து இடமாற்றம் பெறும்போது, அவர்களுடைய சொந்த மின்னஞ்சலில் திறந்த கணக்கும் பாடப்பொருளும் கூடவே போய்விடுகின்றன. பாடத்துக்கென ஒரு தனி மின்னஞ்சலைத் தொடங்கி, அதன் கடவுச்சொல்லை அதிபரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்துவிட்டால், புதிதாக வரும் ஆசிரியர் மீண்டும் முதல் வினாவிலிருந்து தொடங்க வேண்டியிராது.