கீமோதெரபி முடிந்தது, அடுத்தது கதிர்வீச்சு: இடைப்பட்ட வாரங்களில் செய்ய வேண்டியவை

கடைசி கீமோதெரபிக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கும் நடுவே பொதுவாக 3 முதல் 6 வாரங்கள் இடைவெளி இருக்கும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மீண்டும் ஏறி, வாய்ப்புண் ஆறி, உடல் சற்றுத் தெளிவதற்கான காலம் அது. ஆனால் அதை ஓய்வாக மட்டும் கழித்துவிட வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். இந்த இடைவெளியின் முடிவில்தான் சிமுலேஷன் எனப்படும் அளவெடுக்கும் நாள் வருகிறது.

அன்று, சிகிச்சைக்கு எப்படிப் படுக்க வேண்டுமோ அப்படியே படுக்க வைத்து சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், தோலில் ஊசிமுனை அளவில் அடையாளப் புள்ளிகள் இடுவார்கள், தலை, கழுத்துப் பகுதி என்றால் அசையாமல் பிடித்துவைக்க முகத்தின் அளவுக்கே ஒரு மாஸ்க் வார்ப்பார்கள். கதிர் எங்கே, எவ்வளவு, எந்தக் கோணத்தில் பாய வேண்டும் என்பதெல்லாம் அந்த அளவை வைத்தே கணக்கிடப்படுவதால், கடைசி நாள் வரை உடல் அதே நிலையில் படுக்க முடிய வேண்டும். எடை வெகுவாகக் குறைந்தால் மாஸ்க் தளர்ந்து, திட்டத்தையே மாற்ற நேரிடலாம். ஆகவே சாப்பிட முடியாத நிலை இருந்தால் இப்போதே உணவியல் நிபுணரைப் பாருங்கள்.

மார்பகச் சிகிச்சை பெறுபவர்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். அக்குளில் அறுவை நடந்திருந்தால் தோள் இறுகியிருக்கும். அது ஒரே நாளில் இளகாது. எனவே மருத்துவரின் அனுமதியுடன், சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியைத் தினமும் செய்யத் தொடங்குங்கள். இடது மார்பகம் என்றால், இதயத்தைக் கதிரிலிருந்து விலக்கி வைக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லலாம். சுமார் 20 விநாடி பிடித்துப் பழகுவது உதவும்.

தலை, கழுத்துக்குக் கதிர்வீச்சு என்றால் பல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. கதிர் பட்ட தாடையெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவதால், பிற்பாடு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகும் அபாயம் உண்டு. பிடுங்க வேண்டிய பல்லை, இயன்றவரை சிகிச்சைக்கு 2 வாரம் முன்னதாகவே பிடுங்கிவிட வேண்டும்.

பேஸ்மேக்கர், முன்பு பெற்ற கதிர்வீச்சு, கர்ப்பத்துக்கான வாய்ப்பு, உட்கொள்ளும் மூலிகை மருந்துகள், வைட்டமின் மாத்திரைகள் ஆகிய அனைத்தையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அது சிகிச்சையின் பலனைக் குறைத்துப் பக்கவிளைவைக் கூட்டும்.

பேச்சுவழக்கில் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வதால் பலர் வீணாக அஞ்சுகிறார்கள். உடலில் மின்சாரம் பாய்வதில்லை. கதிர் பாயும்போது வலியும் இல்லை. வெளியிலிருந்து இயந்திரத்தால் தரும் கதிர்வீச்சு உடலில் தங்குவதுமில்லை. வீடு திரும்பியதும் குழந்தையைத் தயங்காமல் தூக்கிக்கொள்ளலாம்.

வழக்கமாக வாரத்துக்கு 5 நாள் சிகிச்சை இருக்கும். மார்பகத்துக்குப் பல இடங்களில் 15 முறை, தலை, கழுத்துக்கு 30 முதல் 35 முறை வரை தருகிறார்கள். இடையில் நாள்களைத் தவறவிட்டால் பலன் குறையக்கூடும் என்பதால், போக்குவரத்தையும் துணைக்கு வருபவரையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். விடுப்புக்கு எழுதும்போது முடிவுத் தேதிக்குப் பின் 2 வாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தோலின் எரிச்சலும் களைப்பும் பலருக்கு அந்த நாள்களில்தான் உச்சத்தை அடைகின்றன.