கடினமான ஆங்கிலச் சொற்கள்: பொருளோடு நின்றுவிடாதீர்கள்

நோட்டின் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல் என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். 'நொட்டோரியஸ்' என்பதற்கு 'பிரபலமான' என்று எழுதி வைத்தால், மதிப்புக்குரிய ஒருவரை அந்தச் சொல்லால் அவமதித்துவிட நேரும். கெட்ட பெயரால் பிரபலமானவரைத்தான் அது குறிக்கும். 'ஃப்ரூகல்' சிக்கனம், 'ஸ்டிஞ்சி' கஞ்சத்தனம். சொல்லில் பாராட்டா, பழிப்பா என்பதை + அல்லது − குறியிட்டு ஓரத்தில் காட்டுங்கள்.

நோட்டுக்குப் பதில் சிறு அட்டைகள் நல்லது. முன்பக்கத்தில் சொல்லை எழுத வேண்டாம். அது வரும் ஆங்கில வாக்கியத்தை எழுதி, சொல்லின் முதல் எழுத்தை மட்டும் கொடுத்து மற்றதைக் காலியாக விடுங்கள். சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது எளிது. எழுதும்போது சொல் நினைவுக்கு வருவதுதான் கடினம், அதற்குத்தான் இந்தப் பயிற்சி. பின்பக்கத்தில் சொல், ஒரு வரி விளக்கம், அதோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் இரண்டு சொற்கள். இந்தச் சேர்க்கையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'மிட்டிகேட்', 'மாலிஃபை' இரண்டுக்கும் 'தணித்தல்' என்றே பொருள் எழுதலாம். ஆனால் முன்னது ரிஸ்க், டேமேஜ் போன்றவற்றோடு வரும். கோபத்தில் இருக்கும் ஆளைச் சமாதானப்படுத்துவது பின்னது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் கற்போருக்கென்றே வைத்திருக்கும் இணைய அகராதிகளில் இந்தச் சேர்க்கைகளை எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே பார்க்கலாம். ஒலிப்பையும் அங்கேயே கேளுங்கள். எழுத்தைப் பார்த்து 'எபிடோம்' என்று வாசிக்கும் சொல் உண்மையில் 'எபிட்டமி'.

நாளுக்கு 7 சொற்கள் போதும். 30 என்று தொடங்கினால் ஐந்தே நாளில் 150 அட்டைகள் சேர்ந்து, திருப்பிப் பார்க்கவே நேரம் இருக்காது. 1970களில் அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய ஐந்து அறைப் பெட்டி முறை இதற்குப் பொருத்தம். முதல் அறையைத் தினமும், அடுத்தடுத்த அறைகளை 2, 4, 8, 15 நாட்களுக்கு ஒருமுறை பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும்.

வேர்ச்சொல் உதவும்: பேசுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து 'எலொக்வென்ட்' (நாவன்மை மிக்க), 'லொக்வேஷஸ்' (அதிகம் பேசும்), 'கொலோக்வியல்' (பேச்சுவழக்கான) மூன்றும் வந்தவை. ஆனால் அதை மட்டும் நம்பி ஊகிக்காதீர்கள். 'இன்வேல்யுவபிள்' மதிப்பற்றது அல்ல, விலைமதிக்க முடியாதது.

'இமினென்ட்' (விரைவில் நிகழவிருக்கும்), 'எமினென்ட்' (புகழ்பெற்ற) போல ஒலி நெருங்கிய இணைகளை ஒரே நாளில் படித்தால் இரண்டும் குழம்பும். ஒன்று நான்காம் அறைக்குப் போன பிறகே மற்றதற்கு அட்டை எழுதுங்கள்.