பழைய டெஸ்க்டாப்புக்குச் செலவு செய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

சித்தப்பா வீட்டு டெஸ்க்டாப் 2014இல் வாங்கியது. ஐ3-4130 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து முடித்தாலும், கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறந்திருக்காது. “பழைய இரும்புக்குப் போட்டுடலாமாடா?” என்று கேட்டார். அவருக்குப் பார்த்த வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன்.

முதலில்: எது இழுக்கிறது என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, தினமும் செய்யும் வேலையை ஐந்து நிமிடம் செய்யுங்கள். சித்தப்பாவுக்கு சிபியு, அதாவது பிராசஸர், 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100இலேயே நின்றது. கேபினட்டின் சிவப்பு விளக்கும் அணையவே இல்லை. பிராசஸர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. சிபியுவே 100இல் நின்றால்தான் பிராசஸருக்கு வயதாகிவிட்டது.

இரண்டாவது: செலவில்லாததை முடியுங்கள்

முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு பிரதி எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கவும். தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள். பீப் பீப் என்று கத்தி ஆன் ஆகாத பல கம்ப்யூட்டர்கள் இதிலேயே எழுந்துவிடும். தேதி தானாகப் பின்னால் போய், வங்கித் தளங்கள் திறக்க மறுத்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும். இதற்காகவே கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

அப்படியே மதர்போர்டில் நிற்கும் சின்ன உருளைகளைப் பாருங்கள். அவைதான் கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டுக்கு இனி ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

மூன்றாவது: இந்தப் பாகம் அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூட வருமா?

செலவுக்கு முன் நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி கூடவே வரும், அதனால் யோசிக்காமல் வாங்கலாம். ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் சுழலும் தட்டின் மேல் முள் ஓடிப்போய் நிற்க வேண்டும். விண்டோஸ் எழும்போது அப்படி ஆயிரக்கணக்கான ஃபைல்கள். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு ஒன்றுமே இல்லை.

இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் டிடிஆர்3 வகை ரேம் கூடவே வராது. அதற்கு அடுத்து வந்த டிடிஆர்4 ஸ்லாட்டில் அது பொருந்தவே பொருந்தாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் 8 ஜிபி வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பிராசஸர் மாற்ற வேண்டும் என்றால் பெரும்பாலும் மதர்போர்டும் ரேமும் சேர்ந்தே மாறும். அது பழைய கேபினட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிற கணக்கு, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நான்காவது: விண்டோஸ் எத்தனை நாள் வரும்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிவு செய்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை முதல். மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டினால் ஆமா, இல்லையா என்று சொல்லிவிடும்.

‘இல்லை’ என்று வந்து, பிரவுசரும், கடிதம், கணக்குத் தாள் அடிக்க லிப்ரேஆபீஸும் மட்டும் போதும் என்றால், விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுப் பழையதையே ஓட்டுங்கள். சித்தப்பாவுக்கு டேலி வேண்டும், ஜிஎஸ்டி லாகின் வேண்டும். அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டரில் அவர் பாஸ்வேர்டு அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதலில் 480 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் வாங்கிப் போட்டோம். காபி ஆறுவதற்குள் டேலி திறந்தது. சில மாதம் கழித்து, அலுவலகத்தில் ஓடிய 8ஆம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர் ஒன்றை வாரண்டியோடு ரீஃபர்பிஷ்டாக (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்பது) வாங்கி, அதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டி விண்டோஸ் 11 ஏற்றினோம். பழைய ஹார்டு டிஸ்க் இப்போது யுஎஸ்பி உறையில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் டேலி பேக்கப் அதில் ஏறுகிறது.