நெல்லு அறைக்குள்ள ரெண்டு ரேப் செற் வைச்சு பழைய பொப் பாட்டு பதியிற முறை

காலபோக வெட்டு முடிஞ்சு நெல்லு மூட்டை எல்லாம் அறைக்குள்ள அடுக்கின பிறகு தான் இந்த யோசினை வந்தது. அதுக்குள்ள நிண்டு கதைச்சா எதிரொலி ஒண்டும் இல்லை, குரல் காதுக்குக் கிட்ட நிண்டு கேக்கும். முல்லைத்தீவுப் பக்கம் மல்லாவியில தகரக் கூரை வீட்டில இதைவிட நல்ல ஸ்ரூடியோ கிடையாது. நானும் மச்சானும் ஒரு கிற்றார், டோல்கி, சின்னக் கீபோட் இவ்வளவையும் வைச்சு 1970களில ஏ.ஈ.மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆக்கள் பாடின மாதிரியான பைலா எண்ட துள்ளல் தாளப் பொப் பாட்டு மூண்டைக் கசெற்றில பதிஞ்சிட்டம். கேட்ட ஆக்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேக்கிறபடியா எழுதுறன்.

போன்ல பதியிறது சுகம் தான். ஆனா டோல்கியை ஓங்கி அடிச்சா போன்ல சத்தம் வெடிச்சுக் கிழியும், கசெற் அதே அடியை மெல்ல அமத்தி உருட்டித் தரும். அந்தப் பாட்டுகளுக்கு அது தான் பொருந்தும்.

தேவையான சாமான்: ரெக்கோட் பண்ணக்கூடிய ரேப் செற் ஒண்டு (இனி பெரிய செற் எண்டு சொல்லுறன்), பாட்டுப் போட மட்டும் ஏலுற இன்னொண்டு (சின்ன செற்), கசெற் நாலைஞ்சு, எண்ணெய் கலக்காத ஸ்பிரிட், பஞ்சுக் குச்சி, மணிக்கூடு திருத்திறவை வைச்சிருக்கிற மாதிரிச் சின்ன ஸ்குறூ டிறைவர், போன்ல சுருதி பாக்கிற ரியூனர் ஆப் ஒண்டு. 1979ல ரியாக் கொம்பனி விட்ட போர்ட்டாஸ்ரூடியோ 144 எண்ட மெசின் தான் ஒரே கசெற்றில நாலு ட்ராக்கைத் தனித்தனியாப் பதிஞ்ச முதல் மெசின், அது இருந்தா நான் எழுதுறதில பாதி தேவையில்லை. எங்களிட்ட இல்லை.

கசெற் 60 நிமிசக் கசெற் தான் வாங்கோணும், இதில நான் பிடிவாதம். 60ல நாடா 18 மைக்ரோன் தடிப்பு, 90ல 12, 120ல வெறும் 9. நாங்கள் முன்னுக்குப் பின்னுக்கு எண்டு நூறு தரம் ஓட்டப்போறம், மெல்லிய நாடா இழுபட்டுச் சிக்கிப் போகும். குரோம் எண்டு எழுதினதும் வேண்டாம், சாதாரண செற்றில அது வடிவாப் பதியாது, பழையதும் முழுசா அழியாது. நாடாவின்ர ஓரத்தில வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சிருந்தா செற்றுக்குள்ளயே போடாதேங்கோ.

வீட்டில கிடக்கிற பழைய கசெற்றில பதியிறதெண்டா ரெண்டு பக்கமும் கடைசி மட்டும் கேட்டிட்டுத் தான் பதியோணும். தயவு செய்து இதை விட்டிடாதேங்கோ. எங்கட பக்கம் 2009 யுத்தத்துக்குப் பிறகு ஒரு படம் கூட மிஞ்சாத வீடுகள் கனக்க. அம்மம்மான்ர தகரப் பெட்டிக்குள்ள இருந்த ஒரு கசெற்றில பாட்டெல்லாம் முடிஞ்சு கன நேரம் இரைச்சல் மட்டும் ஓடினது, நிப்பாட்டக் கை வைக்கேக்க கிணத்துக் கப்பி கிறீச்சிடுற சத்தம், அதுக்குப் பின்னால அம்மப்பா கோழியளைத் தீனுக்குக் கூப்பிடுறார். ஒரு நிமிசம் கூட இல்லை. அவற்ற குரல் எங்களிட்ட வேற எதிலயும் இல்லை. அப்பிடி ஒண்டு கிடைச்சா உடனை போன்ல ஒரு கொப்பி எடுத்திட்டு, நாடா தெரியிற பக்கம் கீழ இருக்கப் பிடிச்சு, உங்களைப் பாத்திருக்கிற பக்கத்துக்கு மேல இடது மூலையில இருக்கிற பிளாஸ்ரிக் நாக்கை முறிச்சு விடுங்கோ. இனி ஆரும் அந்தப் பக்கத்தில தவறுதலாப் பதிய ஏலாது.

செற்றைத் துப்பரவாக்கிறது பெரிய வேலையில்லை. நாடா உரசிற ஹெட்டையும் பக்கத்தில நிக்கிற மெல்லிய இரும்புக் கம்பியையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடையுங்கோ, ரப்பர் உருளைக்கு ஈரத்துணி காணும். எங்கட செம்மண் புழுதிக்கு பஞ்சு கபில நிறமா வரும், வெள்ளையா வருமட்டும் துடையுங்கோ.

இனித் தான் முக்கியமான இடம், நான் ரெண்டு கிழமை மினக்கெட்டது இதில தான்.

வேலை நடக்கிற விதம் இது: முதல்ல கிற்றாரையும் டோல்கியையும் பெரிய செற்றில பதியிறது. பேந்து அந்தக் கசெற்றைச் சின்ன செற்றில போட்டுப் பாட விட்டு, கூடவே கீபோட் வாசிக்க, ரெண்டையும் சேத்துப் பெரிய செற்றில புதுக் கசெற்றில பதியிறது. அதையும் சின்ன செற்றுக்கு மாத்தி, கூடப் பாடி மூண்டாவது கசெற். கிற்றாரை ஆப் வைச்சு அச்சொட்டாச் சுருதி சேத்துத் தான் பதிஞ்சனான், ஆனா கீபோட் கட்டையைத் தொட்டவுடனை பல்லுக் கூசுற மாதிரி இருந்தது. கிற்றார் கம்பி மாத்தினன். கீபோட் பழுது எண்டு இன்னொருத்தரிட்ட இரவல் வாங்கினன். அதுவும் சேரேல்லை.

பிழை சின்ன செற்றின்ர வேகத்தில. போன்ல 440 ஹேர்ட்ஸ் ஒலியை விட்டு பெரிய செற்றில பதிஞ்சு, கசெற்றைச் சின்னதில போட்டு ரியூனர் ஆப்பைப் பாத்தா 452 காட்டினது. கசெற் ஓடவேண்டிய வேகம் செக்கனுக்கு 4.76 சென்றிமீற்றர், ஆனா பழைய செற் எதுவும் அதில அச்சா நிக்காது, ஒண்டு கூட ஓடும், ஒண்டு குறைய ஓடும். 440ல இருந்து 466 வந்தா முழுசா ஒரு அரைச்சுரம் (கீபோட்டில அடுத்த கட்டை) ஏறிட்டுது எண்டு அர்த்தம். எனக்கு ஒருக்கா மாத்தேக்க அதில பாதி, ரெண்டாந்தரம் மாத்தேக்க கிட்டத்தட்ட முழு அரைச்சுரம். கீபோட் பாவம் என்ன செய்யும்.

திருத்திறது இப்பிடி. அந்த 440 ஒலியை மூண்டு நிமிசம் பதிஞ்சு வைச்சுக்கொள்ளுங்கோ. சின்ன செற்றின்ர பிளக்கைக் கழட்டி, பற்றரியில மட்டும் ஓட விட்டு மூடியைத் திறவுங்கோ. கன செற்றில மோட்டரின்ர முதுகில ஒரு குட்டி ஓட்டை இருக்கும், சிலதில அதுக்கு மேல ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். உள்ளுக்கு ஒரு ஸ்குறூ, அதைத் திருப்பினா வேகம் மாறும். ஒரு மயிரிழை திருப்பி, கையை எடுத்து, ஆப்பில இலக்கம் நிலைக்குமட்டும் பொறுத்திருந்து பாருங்கோ, அவசரப்பட்டா 430க்குப் போய் நிக்கும். 440 வந்த பிறகு கசெற்றின்ர நடுவிலயும் ஒருக்கா பதிஞ்சு பாருங்கோ. பெரிய செற்றில கை வைக்க வேண்டாம், ரெண்டும் ஒரே வேகத்தில ஓடினாக் காணும்.

பற்றரியும் இதே பிழையைத் தரும். கரன்ற்றில பதிஞ்சா எங்கட செற்றில உம் எண்டு ஒரு இரைச்சல் ஏறுது, அதால பற்றரி தான் எனக்கு விருப்பம், ஆனா புதுப் பற்றரி. பற்றரி இறங்க மோட்டர் மெதுவாகும், அப்ப பதிஞ்சதைப் பேந்து கேட்டா கீச்சுக் குரல். முந்திப் பற்றரி இல்லாத காலத்தில சயிக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுத்திப் பாட்டுக் கேட்ட ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, சுத்திற கை தளரப் பாட்டும் இழுபடும்.

பதியேக்க சின்ன செற்றின்ர ஸ்பீக்கர் பெரிய செற்றில இருந்து மூண்டு அடி தள்ளி, பாடுறவர் ஒரு அடியில. வயரால தொடுக்கலாம், ஆனா கன செற்றில வயரைக் குத்தினா உள்மைக் வேலை செய்யாது. டோல்கியை அறையின்ர மற்றத் தொங்கலுக்கு அனுப்புங்கோ. இப்பிடியான செற்றுகள் சத்தத்தைத் தானாக் கூட்டிக் குறைக்கும், டோல்கி கிட்ட இருந்தா ஒவ்வொரு அடிக்கும் மற்றதெல்லாம் அமுங்கிப் போகும். தொடங்க முதல் ரெண்டு சுத்துக் கிற்றார் சும்மா தட்டுங்கோ, இல்லாட்டி அமைதியில செற் தன்ர சத்தத்தைக் கூட்டி வைச்சிருந்து முதல் சொல்லைக் கிழிச்சுப்போடும். ஒவ்வொரு கொப்பிக்கும் இரைச்சல் கூடும், அதால ரெண்டு தரத்துக்கு மேல மாத்த வேண்டாம், பாடுறதைக் கடைசியாப் பதியுங்கோ, குரல் தான் துப்பரவா நிக்கோணும். நேரம் இரவு பத்துக்குப் பிறகு. விடியப்புறம் மயில் விடாது.

பிறகு சேர்த்தது: தன்ர சின்ன செற் மோட்டரில ஓட்டையே இல்லை எண்டு புதுக்குடியிருப்பில இருந்து ஒராள் எழுதினவர். அப்பிடியெண்டா கீபோட்டைச் சரிக்கட்டலாம், கன கீபோட்டில ரியூன் எண்டு ஒரு செற்றிங் இருக்கு, சின்ன செற்றில பாட்டு ஓடேக்க சுருதி சேருமட்டும் அதைக் கூட்டிக் குறைச்சுப் பாருங்கோ.

இன்னொராளுக்கு முதல் சொல்லே பதியேல்லையாம். கசெற் தொடங்கிற இடத்தில அஞ்சு செக்கன் அளவு வெறும் பிளாஸ்ரிக் நாடா தான், அதில ஒண்டும் பதியாது. பென்சிலைக் கசெற் ஓட்டையின்ர பல்லுக்குள்ள விட்டுக் கபில நாடா வருமட்டும் சுத்திப்போட்டு ரெக்கோட்டை அமத்துங்கோ.

கசெற்றை மாத்திப் போட்டா சத்தம் போர்வைக்குள்ளால வாற மாதிரி இருக்கு எண்டும் ரெண்டு பேர் சொல்லிச்சினம். அது வேகம் இல்லை, ஹெட் சரிஞ்சு நிக்குது. சின்ன செற்றின்ர ஹெட்டுக்குப் பக்கத்தில இருக்கிற ஸ்பிறிங் போட்ட ஸ்குறூவை, பாட்டு ஓட ஓட, கால் சுத்துக்கும் குறையத் திருப்பி, கிற்றார்க் கம்பி உரசிற சத்தம் தெளிவா வாற இடத்தில விடுங்கோ.