நமக்குப் பிடித்த கதையைப் பிள்ளைக்குப் பிடிக்காமல் செய்வது எப்படி

எண்பதுகளின் கடைசியில் அப்பா வாங்கித் தந்த ரஷ்யப் படக்கதைப் புத்தகம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்தது. கெட்டித் தாள், பக்கம் நிறையப் படம், விலை சில ரூபாய். 1991-இல் சோவியத் யூனியன் உடைந்ததும் அந்தப் புத்தகங்களின் வரத்தும் நின்றுபோனது. அதனால் பீரோவில் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். சின்னவனுக்கு ஐந்து வயது முடிந்த பிறகு ஒரு நாள், கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான குலசேகரத்தில் மழை கொட்டிக் கரண்டும் போன ராத்திரியில், எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு அதைத் திறந்தேன். முதல் பக்கத்தில் ஒரு பையன் பனியில் சறுக்கிக்கொண்டு போகிறான்.

"பனியில எப்படிப்பா சறுக்கும்?"

நியாயமான கேள்வி. மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், ரஷ்யாவில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதும் பனிதான். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையில் பிறந்தவனுக்கு இரண்டாவது பனியை எங்கே போய்க் காட்டுவது? பிரிஜ்ஜில் இருக்கும் ஐஸ், பூஜ்யம் டிகிரி என்று நான் பாடம் நடத்தினேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரப்பர் பாலு கொட்டிக் கெடக்க மாதிரியாப்பா?" என்றான். வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம். சிரட்டை கவிழ்ந்து பால் தரையில் வெள்ளையாகப் படர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறான், அதில் கால் வைத்து வழுக்கியும் இருக்கிறான். அருமையான பனி அது. நானோ, "இல்ல மக்ளே, அது வேற" என்று திருத்தினேன். நாலாவது பக்கம் வருவதற்குள் எழுந்து போய்விட்டான்.

நமக்குப் பிடித்த புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது நாம் செய்கிற எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். புத்தகத்தைக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு நம்முடைய சின்ன வயதைத் தூக்கிக் கொடுக்கிறோம். நாம் சிரித்த இடத்தில் அவர்களும் சிரிக்க வேண்டும், நாம் அழுத இடத்தில் அவர்கள் கண்ணும் கலங்க வேண்டும். ஓரக்கண்ணால் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? பரீட்சை நடக்கிறது என்று உடனே பிடித்துவிடும். பிள்ளை மனதில் வருகிற படம் தப்பாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். நிஜப் பனியைப் பார்க்கிற அன்றைக்குத் தானே திருத்திக்கொள்ளும்.

வேதாளத்தின் வேலை

கதை முடிந்ததும், "சரி, இதுல இருந்து என்ன தெரியுது?" என்று கேட்பது அடுத்தது. நம் ஊரில் இந்தப் பழக்கத்தை விடுவது ரொம்பக் கஷ்டம். வாத்தியார் இல்லாத தெரு இல்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் வேறு. கதை கேட்டால் நீதி வந்தாக வேண்டும், புத்தகம் எடுத்தால் மார்க் வந்தாக வேண்டும்.

1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். கதை முடிந்ததும் கேள்வி கேட்பது வேதாளத்தின் வேலை. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொன்னால் வேதாளம் பழையபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். நம் வீட்டில் முருங்கை மரம் ஏறுவது பிள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். நாலு நாள் கேள்வி கேட்டேன். ஐந்தாம் நாள், "இன்னிக்குக் கதை வேண்டாம், தூக்கம் வருது" என்று பெரியவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திண்ணையில் இருந்த அம்மா, "லே, பிள்ளையளப் போட்டுக் கொல்லாத. கதையச் சொல்லு, போதும்" என்றாள்.

கேள்வி பிள்ளையிடமிருந்து வந்தால் பேசலாம், பதில் தெரியாவிட்டால் "தெரியல்ல மக்ளே" என்றும் சொல்லலாம். கதைக்கு நடுவில் எழுத்துக்கூட்டச் சொல்வதும் இதே ரகம்தான். ற எது, ர எது என்று காட்டுவதற்குப் பகல் முழுக்க நேரம் இருக்கிறது.

புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழும்

நான் நல்ல தமிழில் வாசிக்கிறேன் என்ற பெருமையில் வரிக்கு வரி அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. ஒரு கதையில் முயல் மரவள்ளிக்கிழங்கைத் தோண்டித் தின்னும். அது ஏதோ வெளிநாட்டுக் கிழங்கு என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம மரச்சீனிதான்" என்றதும் இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும் தின்ற பிள்ளைகள், விட்டால் முயலுக்கும் மீன்கறி ஊற்றியிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் நம்மிடம் உண்டு. நமக்குச் சக்கை என்றால் பலா. "கரும்பை மென்று சக்கையைத் துப்பினான்" என்று ஒரு வரி வந்தபோது சின்னவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சக்கைப்பழத்தை யாராவது துப்புவார்களா? அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டு மேலே போனேன். ரப்பர் பாலில் கற்ற பாடம்.

எழுத்தில் இருப்பதை வீட்டுப் பேச்சுக்கு மாற்றிச் சொன்னால் தமிழ் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஒரு தடவை நம் பேச்சில் சொல்லி, அடுத்த தடவை புத்தகத்தில் இருப்பதை வாசித்தால் இரண்டு சொல்லும் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும். பாட்டை மட்டும் மாற்றக் கூடாது, ஓசை போய்விடும். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி எழுதிய வெள்ளைப்பசுப் பாட்டை அப்படியே சொல்லுங்கள், அது தானாக நாக்கில் ஏறிக்கொள்ளும். விருந்தாளி வந்ததும் பிள்ளையை நடுவீட்டில் நிறுத்தி, "அந்தப் பாட்டைச் சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பாட்டு அன்றோடு வீட்டுப்பாடமாகிவிடும்.

எப்போது எதைக் கொடுப்பது

நாம் பத்து வயதில் படித்ததை ஆறு வயதில் திணிப்பது நல்ல புத்தகம் ஒன்றை வீணாக்கும் சுலபமான வழி. "நான் அப்பவே படிச்சேன்" என்று நினைவு சொல்லும். அட்டைக்குள் எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள், உண்மை தெரியும். என்னுடைய ஒன்றில் இருந்த வருஷம், நான் ஆறாம் வகுப்பில் இருந்தது.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த நான்கு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே போதும். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், தானே வாசிக்கும்போது எங்கே திணறுகிறது என்று பாருங்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் நாலாம் வகுப்புக்காரி தமிழில் 'நட'வில் நிற்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வெட்கப்படுத்தினால்தான் ஆபத்து.

ஆனால் வாசித்துக் காட்டுவது வேறு கணக்கு. கண்ணால் 'நட'வில் இருக்கும் பிள்ளை காதால் 'பற'வில் இருக்கும். "அதான் வாசிக்கத் தெரியுமே, நீயே வாசி" என்று பல வீட்டில் எட்டு வயதிலேயே வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். நீளமான, கொஞ்சம் கனமான கதைகளைச் சேர்ந்து வாசிக்கச் சரியான வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை நீங்களும் படித்துவிடுங்கள், நினைவை நம்பாதீர்கள். பழைய கதைகளில் கறுப்பாக இருப்பவன் கெட்டவன், சித்தி என்றாலே கொடுமைக்காரி, குண்டாக இருந்தால் சிரிக்க ஆள். அப்போது இதெல்லாம் நம் கண்ணில் படவில்லை. நான் ஒரு இடத்தை வாசிக்காமல் தாண்டினேன். பெரியவள் மறுநாள் தானே வாசித்துவிட்டு, "இத ஏன் விட்டீங்க?" என்று வந்து நின்றாள். அப்படி ஒன்றிரண்டு இடம் என்றால் நிறுத்தி, "இது எனக்குப் பிடிக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போகலாம். கதை முழுக்கவே அப்படி என்றால் பரணில் கிடக்கட்டும்.

பழைய பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு, "பாத்து, கிழிஞ்சிரும்" என்று பக்கத்திலேயே நிற்காதீர்கள். பிரதிதான் பெரிது என்றால் பீரோவில் வையுங்கள், பிள்ளைக்கு மலிவாக வேறொன்று வாங்குங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் விலை குறைவு. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் அட்டை போட்டால் அதுவும் வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடைசியாக, இன்றும் நான் செய்துகொண்டிருக்கும் தவறு. நம் புத்தகத்தை அவர்கள் கேட்க வேண்டும், அவர்கள் புத்தகத்தை நாம் கேட்பதில்லை. போன வாரம் பெரியவள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு துப்பறியும் கதையைக் கொண்டுவந்து, "எனக்கு ரொம்பப் பிடிச்சது, நான் வாசிக்கேன், நீங்க கேளுங்க" என்றாள். கையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பூனை காணாமல் போனது வரை ஞாபகம் இருக்கிறது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். "அப்பா, பூனைய எடுத்தது யாருன்னு சொல்லுங்க பாப்போம்?"

வாய் நிறைய நுரை. பதில் தெரிந்தும் சொல்லாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.